டெமான்ஸ்ட்ரேட்டர் தம்பி தங்கைகளுக்கு நன்றி மடல்

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

முதலாண்டு வேதியியல் ஆய்வகம் இந்த ஆண்டுக்கு முடிந்தது. ஆண்டு முழுக்க டெமான்ஸ்ட்ரேட்டர்களாக, அதாவது ஆய்வகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களாக நின்று உழைத்த இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளான உங்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும்.

சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும் அளவுக் கருவியான பியூரெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பள்ளி முடித்து வருபவர்கள் பலர். என்னிடம் கேட்கத் தயங்குகிறார்கள். உங்களிடம் அந்தத் தயக்கம் இல்லை. 'அக்கா', 'அண்ணா' என்றும், ஸூலு மொழியில் அதையே 'சிசி', 'புட்டி' என்றும் கூப்பிட்டு, மோல் என்றால் என்ன என்பதிலிருந்து கேட்டார்கள். போன வருடம் அதே இடத்தில் தடுமாறியவர்கள் நீங்கள், அதனால் எங்கே சிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்ததும் நிறுத்த வேண்டிய அமில–கார டைட்ரேஷன் அன்று ஒரு பெண்ணின் குடுவை சட்டென்று அடர் இளஞ்சிவப்பாகிவிட்டது. அவள் முகம் வாடிப்போனது. பக்கத்தில் நின்ற தங்கை பியூரெட்டைத் தொடவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நிறம் வந்து வந்து மறைந்ததே, அப்போது குழாயை எவ்வளவு திறந்திருந்தாய்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த முறை குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வந்தது, கடைசியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது, வெளிர் நிறம் மறையாமல் நின்றது. தானே செய்து காட்டுவது எளிது. அப்படிச் செய்யாமல் பொறுத்திருந்தீர்களே, அதற்குத்தான் என் முதல் நன்றி.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்திலிருந்தே இளநிலை மாணவர்களைக் கற்றல் உதவியாளர்களாக வைத்திருக்கிறார்கள். வாரந்தோறும் ஆசிரியரோடு தயாரிப்புக் கூட்டம் உண்டு, கற்பிப்பது எப்படி என்று தனிப் பாடமும் உண்டு. நம்மிடம் கூட்டம் இருக்கிறது, பாடம் இல்லை. அது உங்களுக்குக் கிடைத்தே ஆகவேண்டும், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

1961இல், நிறவெறி ஆட்சிக் காலத்தில், இந்தியர்களுக்கென்று தனியாக நம் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில் தொடங்கிய கல்லூரிக்குப் படகேறிப் போய்ப் படித்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. இன்று தமிழ்ப் பிள்ளையும் ஸூலுப் பிள்ளையும் ஒரே மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

அப்புறம், விடிவதற்குள் வந்து கரைசல்களைத் தயாரித்து வைத்த ஆய்வக ஊழியர்களுக்கும், இருட்டிய பிறகு சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வந்து உங்களைக் கூட்டிப்போன அப்பா, மாமாக்களுக்கும் நன்றி.

பரிந்துரைக் கடிதம் வேண்டுபவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். பிப்ரவரியில் புதிய பிள்ளைகள் வருகிறார்கள். மறுபடி நிற்க முடிந்தவர்கள் விடுமுறைக்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆய்வக ஆசிரியை