அந்த இரண்டு வரியை எழுதியது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்கிற வளர்ப்புக் குடும்பங்கள் போதவில்லை, இன்னும் பலர் முன்வர வேண்டும் என்று போன ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் பெற்ற வீட்டிலிருந்து குழந்தை வெளியேறிய பிறகு நடப்பதை மட்டுமே அது சொன்னது. வெளியேறாமல் இருக்க என்ன செய்திருக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. இருபத்திரண்டு வருடம் குடும்ப ஆதரவுப் பணியாளராக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். விட்டுப்போன அந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. காலை பத்து மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவன் ஆறு வயதுப் பையன். பள்ளிக்குப் போகவில்லை. மூன்று வயதுத் தங்கை நனைந்த டயப்பரோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கழுவாத பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். "பிள்ளைகளுக்கு மேற்பார்வை இல்லை. வீட்டில் சுகாதாரம் மோசம்" என்று ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதினேன். இரண்டும் உண்மைதான்.

எழுதாதது என்ன தெரியுமா? அவருக்கு இரவு ஷிஃப்ட். வீடு திரும்பியதே ஏழு மணிக்கு. இரவில் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டிருந்த பெண் வேறு ஊருக்குப் போய்விட்டார். வாஷிங் மெஷின் ஓடி மூன்று வாரம் ஆகியிருந்தது. குளியலறைக் கதவின் கைப்பிடியில் பையனின் பள்ளிச் சட்டை தொங்கியது. கையால் துவைத்துப் பிழிந்திருந்தார்கள், காலரிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மாற்றுச் சட்டை இல்லாததால்தான் அன்று பையன் வீட்டில் இருந்தான். அந்தச் சட்டையை நான் பார்த்தேன். அதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

அந்த இரண்டு வரியால் பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். எட்டு மாதம். அந்தக் குடும்பங்கள் நல்லவைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திரும்பி வந்த நாளில் அம்மா தூக்கியபோது சின்னவள் உடம்பை விறைத்துக்கொண்டாள். அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது ஓடுகிற ஒரு மெஷினும், இரவில் துணைக்கு ஒரு ஆளும். எட்டு மாத வளர்ப்புப் பராமரிப்புக்கு ஆன செலவில் ஒரு சின்ன பங்குகூட அதற்கு ஆகியிருக்காது.

வறுமையை மட்டுமே காரணமாக வைத்துக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, அந்த வறுமையே குடும்பத்துக்கு உதவி தேவை என்பதன் அடையாளம் என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு (பெற்றோருக்குப் பதிலாக வேறொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வது) வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. பயிற்சி வகுப்பில் இதை நானும் படித்துப் பரீட்சை எழுதியவள்தான். வறுமை ஃபைலுக்குள் வறுமை என்ற பெயரில் வருவதில்லையே. "அலட்சியம்" என்ற பெயரில் வருகிறது.

சரி, உதவி தேவைப்பட்டால் கேட்கலாமே என்பார்கள். யாரிடம் கேட்பது? கொடுக்கிற கையும் பிள்ளையைத் தூக்கிப் போகிற கையும் ஒரே ஆபீசில் இருந்தால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் தவித்த ஒருவர் டாக்டரிடம் நான்கு மாதமாக "நல்லாத் தூங்குறேன்" என்றே சொல்லியிருக்கிறார். நிஜத்தைச் சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம். அவர் வாய் திறந்தது எங்களிடம் இல்லை, வாரம் ஒருமுறை வந்துபோன ஒரு தன்னார்வலரிடம். அந்த அம்மாளும் மூன்று பிள்ளை பெற்றவர். கையில் படிவம் இல்லாமல் வந்தார், குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு "நீ போய்க் குளிச்சிட்டு வா" என்றார். அவ்வளவுதான். 1973இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மார்கரெட் ஹாரிசன் தொடங்கிய ஹோம்-ஸ்டார்ட் என்ற தொண்டு அமைப்பு இந்த எளிய யோசனையில்தான் இன்றும் நடக்கிறது. அதே பாடுபட்டு வந்த பெற்றோர் ஒருவர் வாராவாரம் வீட்டுக்கு வந்து கூட இருப்பார்.

நிலைமை முற்றிவிட்டால் இது போதாது. அதற்கு வேறு ஒரு முறை இருக்கிறது. 1974இல் அமெரிக்காவின் டகோமாவில் தொடங்கிய ஹோம்பில்டர்ஸ் முறையில் தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் பணியாளர் வீட்டில் இருப்பார். ஒருவருக்கு ஒரு சமயத்தில் இரண்டே குடும்பம். நான்கு முதல் ஆறு வாரம் வரை அந்த வீடே கதி. நான் ஒரே சமயத்தில் முப்பத்தொரு குடும்பங்களைச் சுமந்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்துக் கையெழுத்து வாங்கத்தான் நேரம் இருந்தது.

எல்லா ஆய்வுகளும் இதைக் கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் அமெரிக்க அரசுக்காகச் செய்த பெரிய மதிப்பீட்டில், இப்படிப்பட்ட தீவிர உதவி கிடைத்த குடும்பங்களுக்கும் கிடைக்காதவற்றுக்கும் பிள்ளைகள் பிரிக்கப்படுவதில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. உதவி போய்ச் சேர்ந்த பல குடும்பங்கள் பிரியும் நிலையிலேயே இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கதவைத் திறந்துவைக்கிற வீட்டுக்குத்தான் நாங்கள் போகிறோம். நிஜமாகவே முழுகிக்கொண்டிருப்பவர்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்கள்.

பணம் போகிற வழியும் கோணல். அமெரிக்காவில் நெடுங்காலமாக, வளர்ப்புப் பராமரிப்புக்கான மத்திய நிதியின் பெரும்பகுதி குழந்தையைப் பிரித்த பிறகுதான் கிடைத்தது. 2018இல் வந்த சட்டம்தான் அதே நிதியில், பிரிவதற்கு முன்பே, மனநல சிகிச்சை, போதை மீட்பு, வீட்டிலேயே தரும் பெற்றோர் பயிற்சி ஆகியவற்றுக்கு 12 மாதம் வரை செலவு செய்யலாம் என்று வழிவிட்டது. கவனியுங்கள், அதிலும் வாஷிங் மெஷின் இல்லை, வாடகை பாக்கியும் இல்லை.

எல்லாக் குழந்தையையும் வீட்டிலேயே விட்டுவைக்கச் சொல்லவில்லை. அடியும் பாலியல் கொடுமையும் நடக்கிற வீட்டிலிருந்து குழந்தையை அன்றைக்கே வெளியே எடுக்க வேண்டும். நானே எடுத்திருக்கிறேன், இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகள் பிரிக்கப்பட்ட செய்தியைப் போடும்போது, அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அந்த வீட்டுக்கு யார் போனார்கள், கையில் என்ன கொண்டுபோனார்கள் என்று குழந்தைகள் நலத் துறையிடம் கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள். கேள்வி கேட்டால் படிவம்கூட மாறும். "இந்த வீட்டில் நன்றாக நடப்பது என்ன?" என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிப் பல வருடம் நச்சரித்தேன். ஓய்வு பெறுகிற வருடம் சேர்த்தார்கள். இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்ப ஆதரவுப் பணியாளர்