18 வயதுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கலிபோர்னியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். இங்கே 18 வயது நிரம்பாதவர் கார் ஓட்டுநர் உரிமம் வாங்க வகுப்புப் பாடம் முடிக்க வேண்டும். பயிற்சியாளருடன் 6 மணி நேரம், பெரியவர் துணையுடன் 50 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில். நல்ல விதிதான். ஆனால் 18 ஆகிவிட்டால் இவை கட்டாயமில்லை. பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் அதுவரை காத்திருந்து, பயிற்சியே இல்லாமல் தேர்வுக்குப் போகிறார்கள். என் பேருந்தில் வந்த பையன் ஒருவன் அப்படித்தான் உரிமம் வாங்கினான். நெடுஞ்சாலையில் ஏற இன்னும் கை நடுங்குகிறதாம்.

இவர்களுக்கான கட்டணத்தை அரசே பயிற்சிப் பள்ளிக்கு நேராகச் செலுத்தட்டும். கட்டிவிட்டு ரசீது காட்டு என்றால், கட்டக் கையில் இருந்தால்தானே! வீட்டில் கார் இல்லாதவர்களுக்கு அந்த 50 மணி நேரத்துக்கும் ஒரு வண்டி வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி