இரண்டாவதா, பதினைந்தாவதா?

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாள் மாடிப்படி பக்கம் போகாதே, வீட்டில் சொல்வதைக் கேள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்துவிட்டாள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் எறிவேன் என்று அடம். டிஃபென்ஸ் என்றால் முகத்தைச் சுளிக்கிறாள்.

சரி, நீ கேட்ட விஷயம். எதிரணியின் நட்சத்திரத்தை முடக்கிப்போடும் விங் (ஓரத்தில் ஆடுபவன்), ஆனால் எறிந்தால் பந்து கூடையில் விழாது. அவனை என்.பி.ஏ. டிராஃப்டில், அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் முறைவைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், எடுக்கலாமா? ஷார்லட்டில் உட்கார்ந்துகொண்டு இதை நீ கேட்பதுதான் வேடிக்கை. 66 ஆட்டங்களில் வெறும் 7 வென்ற உங்கள் ஊர் அணி, 2012-ல் இரண்டாவது தேர்வாக எடுத்தது அதே ரக மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட்டை. அடுத்த இடத்தில் பிராட்லி பீல் போனார், ஆறாவதில் டேமியன் லில்லார்ட்; இருவரும் புள்ளி குவிப்பவர்கள். இன்னும் வயிறு எரிகிறதா?

அதற்கு முந்தைய வருடம் இதே ரகக் கவாய் லெனர்ட் பதினைந்தாவதாகப் போனார். இண்டியானா தேர்ந்தெடுத்து, அன்றே ஜார்ஜ் ஹில் என்ற ஆட்டக்காரருக்குப் பதிலாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிடம் கொடுத்துவிட்டது. கல்லூரியில் இந்த இருவரின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று புள்ளியில் நாலுக்கு ஒன்று, ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதல்) நாலுக்கு மூன்று. ஃப்ரீ த்ரோ விழுந்தால் மற்றதும் பின்னால் தேறிவிடும் என்று எல்லோரும் சொல்வார்களே, இந்த ஜோடியிடம் அந்தக் கணக்கு செல்லாது; ஒருவர் தேறினார், மற்றவர் தேறவில்லை.

கிட்-கில்கிறிஸ்ட்டின் கை எறியும்போது நடுவில் ஒரு வெட்டு வெட்டும். அதைச் சரிசெய்ய முன்னாள் ஆட்டக்காரர் மார்க் பிரைஸையே பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள்; ஃப்ரீ த்ரோவில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. அப்படியும் பெரிதாகத் தேறவில்லை. இரண்டாவது தேர்வு என்பதால் முதல் நாளிலிருந்தே சுமை வேறு. லெனர்டுக்கு முன்னால் டங்கன், பார்க்கர், ஜினோபிலி என்று ஸ்பர்ஸின் நட்சத்திரங்கள் இருந்தார்கள். புள்ளி எடு என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. அங்கே எறிதல் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் அவருடைய எறிதலைத் திருத்தினார். லெனர்ட் முதல் சீசனிலேயே மூன்று புள்ளியில் 37 சதவீதத்தைத் தாண்டினார். 2014 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

ஆனால் எல்லோரும் லெனர்ட் ஆவார்கள் என்று நம்பி எடுப்பதுதான் ஆபத்து. சீசனில் சமாளித்துவிடலாம், பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் தொடர்களில்) எதிரணி விடாது. 2015-ல் ஒரு தொடரில் மெம்பிஸ் 2-1 என்று முன்னால் இருந்தபோது, அதன் எறியத் தெரியாத தடுப்பாட்டக்காரர் டோனி ஆலனைக் காக்கும் பொறுப்பை எதிரணி கோல்டன் ஸ்டேட் தன் சென்டர் (கூடைக்கடியில் நிற்கும் உயரமான ஆள்) போகட்டிடம் கொடுத்தது. காப்பதாவது! எறிந்துகொள் என்று ஆலனை விட்டுவிட்டு, அவர் கூடைக்கடியில் போய் நின்றுகொண்டார். மெம்பிஸ் அதன்பின் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. 2017-ல் ஹூஸ்டனுக்கு எதிராக ஓக்லஹோமாவின் ஆண்ட்ரே ராபர்சன் எடுத்த 21 ஃப்ரீ த்ரோவில் விழுந்தது 3. வேண்டுமென்றே அவர்மேல் ஃபவுல் செய்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் பட்டியலில் அவர் பெயரும் உண்டு, பாவம்.

அதனால் என் பதில்: எடு, ஆனால் முதல் ஐந்துக்குள் வேண்டாம். இதே ரக ஹெர்ப் ஜோன்ஸ் 2021-ல் 35-வது தேர்வு. லூ டார்ட்டை 2019-ல் எவருமே தேர்ந்தெடுக்கவில்லை. 2025-ல் ஓக்லஹோமா பட்டம் வென்றபோது எதிரணி நட்சத்திரங்களின் பின்னால் ஓடியது அவர்தான். இருவரும் எறியவும் கற்றுக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர்கள் பின்னாலும் கிடைக்கிறார்கள் என்றால் இரண்டாவது தேர்வை ஏன் செலவழிக்க வேண்டும்?

இன்னொன்று, உங்கள் சென்டருக்கும் வெளியேயிருந்து எறியத் தெரியாது என்றால் பதினைந்தாவதிலும் யோசி. எறியாத இருவர் சேர்ந்து நின்றால் கூடைக்கடியில் நுழையவே இடம் இருக்காது. நீ சொல்லும் பையனின் பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது சதவீதத்தை விடு. பந்து கையில் இல்லாதபோது வெட்டி உள்ளே ஓடுகிறானா, ஆளில்லாமல் விட்டால் தயங்காமல் எறிகிறானா என்று பார்த்து எழுது.

டிராஃப்ட் அன்று இங்கே விடிகாலை. எழுந்திருப்பேன், உங்கள் முறை வரும்போது கூப்பிடு.

அன்புடன்,
முரளி