தூண்கள் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

ஸ்பெயினின் வலென்சியா நகரத்துப் பட்டு வணிக மண்டபமான 'லா லோன்ஹா' பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை படித்தேன். 1482-இல் கட்டத் தொடங்கிய அந்த மண்டபத்தின் முறுக்குத் தூண்களை அழகாக வர்ணித்தவர், சுவரில் ஓடும் லத்தீன் வாசகத்தை விட்டுவிட்டாரே! பொய் சொல்லாத, வட்டி வாங்காத வணிகனுக்குச் செல்வமும் மறுமையும் கிட்டும் என்கிறது அது. (நம் கடைவீதிகளிலும் பொறித்து வைக்கலாம்.)

எனக்குப் பெரிய குறை சாப்பாட்டில்தான். எதிரிலேயே 1928-இல் திறந்த மத்தியச் சந்தை இருக்க, பயேயா என்ற அந்த ஊர் அரிசிச் சாப்பாட்டைக் 'கடலுணவுப் பிரியாணி' என்று ஒரே வரியில் முடிப்பதா? வலென்சியாவின் பழைய பக்குவத்தில் கோழி, முயல்கறி, பீன்ஸ், பெரிய வெள்ளை அவரை எல்லாம் உண்டு, மீன் கிடையாது. அரிசியைப் போட்டபின் கிளற மாட்டார்கள். அடியில் பிடித்த பொருக்குக்குத்தான் கிராக்கி.

ஓர்சாத்தா பற்றிப் பேச்சே இல்லை. நம் கோரைக்கிழங்குக்கு உறவான ஒரு கிழங்கை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரக் குளிரக் குடிப்பார்கள். நீள இனிப்பு ரொட்டியை அதில் தோய்த்துத் தின்பார்கள். இதற்கென்றே இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள், செய்முறையோடு.

– வாசகர் ஒருவர்