அச்சாணி ரவியின் பெயரையும் அச்சிடுங்கள்

திரைப்படச் சங்கங்களையும் திரைப்பட விழாக்களையும் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உங்களில் ஒருவர் ‘எலிப்பத்தாயம்’ திரையிட்டார். ஊர்ப் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கே வேண்டாம். எந்த ஊராக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். படத்தின் பெயர், இயக்கம் அடூர் கோபாலகிருஷ்ணன், மலையாளம், 1981, 121 நிமிடங்கள். அவ்வளவுதான். படம் முடிந்து ஒன்றரை மணி நேரம் பேசினோம். உண்ணி ஏன் அந்த வீட்டைவிட்டு நகர மறுக்கிறான், எலிப்பொறியை ஸ்ரீதேவி குளத்தில் அமிழ்த்தும்போது நம் வயிறு ஏன் கலங்குகிறது என்று பேச்சு நன்றாகவே போயிற்று. அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு கல்லூரி மாணவி எழுந்து, “இப்படி ஒரு படத்துக்கு யார் பணம் போட்டார்கள்?” என்று கேட்டார். “கொல்லத்தில் யாரோ ஒரு முந்திரி முதலாளி” என்றார் நடத்தியவர். எல்லோரும் சிரித்தோம். நாகர்கோவிலுக்கு ரயிலில் திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தத் தொடங்கியது.

அந்த ‘யாரோ’வின் பெயர் கே. ரவீந்திரநாதன் நாயர். 1933 ஜூலை 3 அன்று பிறந்தவர். தொண்ணூறு வயது நிறைந்த ஐந்தாம் நாள், 2023 ஜூலை 8 அன்று, இறந்தார். ஜெனரல் பிக்சர்ஸ் என்ற பெயரில் 1967 முதல் 1993 வரை பதினான்கு படங்கள் தயாரித்தார். இருபத்தாறு ஆண்டுகளில் பதினான்கு என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் அந்தப் பதினான்கை எடுத்துவிட்டால், மலையாளத்தின் மாற்று சினிமா என்று நீங்கள் வருடம் தவறாமல் திரையிடுவதில் பாதி காணாமல் போகும்.

கேரளத்தில் அவரை ‘அச்சாணி ரவி’ என்பார்கள். மலையாளிக்குப் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் ஒட்டும். இவருக்கு ஒட்டியது படத்தின் பெயர். முதல் மூன்று படங்களையும் பி. பாஸ்கரன்தான் இயக்கினார். முதல் படமான ‘அன்வேஷிச்சு கண்டெத்தியில்ல’, 1967ஆம் ஆண்டின் சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. 1973இல் வந்தது ‘அச்சாணி’. காரைக்குடி நாராயணனின் தமிழ் நாடகம் அது. இயக்கியவர், ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த நம் ஏ. வின்சென்ட். படம் ஓடியது, லாபமும் வந்தது.

ஓடிய படத்தின் லாபத்தில் இன்னொரு ஓடும் படம் எடுப்பதுதான் தொழில் தெரிந்தவர் செய்வது. இவர் அந்தப் பணத்தைக் கொல்லம் பொது நூலகத்துக்குக் கொடுத்தார். நூலகத்தோடு சோபானம் என்று ஒரு கலையரங்கமும் எழுந்தது. சினிமாவில் வந்த பணம் புத்தக அலமாரியாக மாறிய ஊர்கள் அதிகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின் அவர் செய்தது இன்னும் விசித்திரம். ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டு வாரப் பத்திரிகையில் கேலிச்சித்திரத் தொடர் வரைந்துகொண்டிருந்த ஜி. அரவிந்தன் அதுவரை இயக்கியிருந்தது ஒரே ஒரு படம். அவர் இராமாயணத்தின் உத்தரகாண்டத்தை எடுக்க விரும்பினார். ஆந்திரக் காட்டில், செஞ்சுப் பழங்குடியினரை இராமனாகவும் இலட்சுமணனாகவும் நடிக்க வைத்து. சீதை என்று ஒரு நடிகை கிடையாது. காற்றில் அசையும் மரமும் ஓடும் ஆறும்தான் சீதை. இந்தக் கதையோடு ஒரு வியாபாரியின் முன்னால் போய் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். ரவீந்திரநாதன் நாயர் பணம் போட்டார். 1977இல் ‘காஞ்சன சீதை’ வந்தது. அடுத்த ஆண்டு ‘தம்பு’, 1979இல் ‘கும்மாட்டி’, 1980இல் ‘எஸ்தப்பான்’, 1981இல் ‘போக்குவெயில்’. ஒரே இயக்குநருக்கு, ஆண்டுக்கு ஒன்றாக, ஐந்து படங்கள்.

‘தம்பு’வில் ஒரு காட்சி. பாரதப்புழை ஓரத்துக் கிராமத்துக்கு சர்க்கஸ் வருகிறது. கேமரா வித்தை காட்டுபவர்களை விட்டுவிட்டுப் பார்ப்பவர்களின் பக்கம் திரும்புகிறது. வாயைப் பிளந்தபடி ஒரு கிழவர், கையால் வாயை மூடிச் சிரிக்கும் பெண், பயத்தில் கண்ணை இடுக்கும் குழந்தை. தங்களைப் படம்பிடிப்பதை மறந்துபோன முகங்கள். கதைக்கு அந்த முகங்களால் ஒரு பயனும் இல்லை. படச்சுருள் விலை தெரிந்த தயாரிப்பாளர் பக்கத்தில் நின்றிருந்தால் “போதும்” என்றிருப்பார். அந்தப் ‘போதும்’ சொல்லப்படாததால் அந்த முகங்கள் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அவர் எதிலும் தலையிடமாட்டார் என்பதுதான் அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் பாராட்டு. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தலையிடாமல் இருப்பது காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போவதன்று. யாரை நம்புவது என்று முடிவெடுத்த இடத்திலேயே அவர் வேலை தொடங்கிவிட்டது. அடூரின் முதல் இரண்டு படங்களும் சித்ரலேகா கூட்டுறவுச் சங்கத்தின் தயாரிப்பு. மூன்றாவதான ‘எலிப்பத்தாயம்’ இவரிடம் வந்தது; 1982இல் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் விருதான சதர்லண்ட் கோப்பையை வென்றது. பிறகு ‘முகாமுகம்’, ‘அனந்தரம்’, ‘விதேயன்’. நடுவே எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் இயக்க ‘மஞ்ஞு’. ஆள் பார்த்து எடுக்கத் தெரிந்த கண் அது.

அந்தக் கண் எங்கே பழகியது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. எங்கள் குமரி மாவட்டத்திலும் முந்திரி ஆலைகள் உண்டு. ‘அண்டி ஆபீஸ்’ என்போம். என் சித்தி மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். வறுத்த கொட்டையைப் பருப்பு உடையாமல் தட்டி எடுக்க வேண்டும். தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் கையில் சாம்பல் பூசிக்கொள்வார். அப்படியும் விரல் நுனிகள் கறுத்தே இருக்கும். பிறகு தரம் பிரிக்க வேண்டும். ஒரு பவுண்டு எடைக்கு 180 பருப்பு நின்றால் ஒரு விலை, 320 நின்றால் வேறு விலை, உடைந்தால் அதற்கும் கீழே. பருப்பைக் கையில் எடுத்ததுமே சித்தி எண்ணைச் சொல்லிவிடுவார். அந்தத் தொழிலில் ஊறிய ஒருவர், அரவிந்தனையும் அடூரையும் பார்த்த மாத்திரத்தில் தரம் கண்டுகொண்டதில் எனக்கு வியப்பு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொல்லத்து முந்திரிப் பணம் என்றால் அது கறுத்த விரல்களைக் கொண்ட பெண்களின் உழைப்பும்தான். தொழிற்சங்கம் வேரூன்றிய ஊரின் முதலாளி, கூரை ஓட்டுத் தொழிற்சாலையில் சங்கம் கட்டிய ஒரு கம்யூனிஸ்டுத் தோழரைப் பற்றிய ‘முகாமுகம்’ படத்துக்குப் பணம் போட்டார் என்பது சும்மா கடந்துபோகக்கூடிய செய்தியன்று. இடதுசாரிகள் அந்தப் படத்தின்மீது கோபப்பட்டார்கள். அதை வைத்து ஒரு மாலை முழுவதும் பேசலாம். நாமோ தயாரிப்பாளர் பெயரையே தாளில் போடுவதில்லை.

சட்டம் நம்மைவிட மேல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்லர். இது நியாயமா என்று இயக்குநர்கள் சண்டை போடலாம், போடட்டும். ஆனால் நெகட்டிவ் எங்கே இருக்கிறது, பிரதியைப் புதுப்பிக்க யாருடைய ஒப்புதல் வேண்டும் என்ற கேள்விகள் வரும்போது எல்லோரும் தயாரிப்பாளரைத்தான் தேடிப் போகிறார்கள். ‘தம்பு’வின் மூல நெகட்டிவ் பிழைக்கவில்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருந்ததைக் கொண்டு, ஜெனரல் பிக்சர்ஸின் ஒத்துழைப்போடு, சென்னையில் பிரசாத் நிறுவனத்திலும் இத்தாலியின் பொலோன்யாவிலும் அதை மீட்டெடுத்தார்கள். 2022இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவில் அது திரையிடப்பட்டபோது தயாரிப்பாளருக்கு வயது 88.

மலையாள சினிமாவில் வாழ்நாள் பங்களிப்புக்குக் கேரள அரசு தரும் ஜே.சி. டேனியல் விருதை, 2008ஆம் ஆண்டுக்கு, அவருக்குக் கொடுத்தது. ஆகவே விருது கேட்டு நான் எழுதவில்லை. என் கோரிக்கை மிகச் சிறியது. அடுத்த மாதம் அதே சங்கத்தில் ‘தம்பு’ என்று கேள்விப்பட்டேன். தாளில் ‘இயக்கம்: ஜி. அரவிந்தன்’ என்பதற்குக் கீழே ‘தயாரிப்பு: கே. ரவீந்திரநாதன் நாயர், ஜெனரல் பிக்சர்ஸ், கொல்லம்’ என்று ஒரு வரி சேருங்கள். வேறு எந்தப் படமானாலும் அப்படியே செய்யுங்கள். தாளில் இடம் போதவில்லை என்றால் நிமிடக் கணக்கை எடுத்துவிடலாம். படம் எவ்வளவு நேரம் ஓடியது என்பது பார்ப்பவர்களுக்குத் தானே தெரிந்துவிடும்.

அந்த மாணவி வந்தால் முதல் தாளை அவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் உட்காரும் ஒருவன்,
நாகர்கோவில்