கத்தி வைக்கும் முன் எல்லா வழியையும் சொல்லுங்கள்

தைராய்டு கட்டிக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கழுத்துக் கழலை பல வருடங்களாக மெல்ல வளர்ந்து, மார்பெலும்புக்குப் பின்னால் வரை இறங்கிவிட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை. வேறு வழி உண்டா என்று கேட்டோம். "இதுக்கு ஆபரேஷன்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

இன்று அம்மா நலமாகத்தான் இருக்கிறார். ஆபரேஷனில் தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டதால், அது சுரந்த ஹார்மோனுக்குப் பதிலாக ஆயுள் முழுக்கத் தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை. விரல் மரத்துப்போவதால் கால்சியமும் சாப்பிடுகிறார். தமனி அடைப்பு என்று இன்னொரு வழி இருந்தது என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இதய ஆஞ்சியோ போலவே மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை விடுகிறார்கள். தைராய்டுக்கு மேலிருந்து இரண்டு, கீழிருந்து இரண்டு என்று பொதுவாக நான்கு தமனிகள் ரத்தம் கொண்டுவருகின்றன. கட்டிக்குப் போகும் கிளைகளில் மணலைவிடச் சிறிய துகள்களைச் செலுத்தி அடைக்கிறார்கள். ரத்தம் கிடைக்காத கட்டி சில மாதங்களில் சுருங்குகிறது. கழுத்தில் வெட்டு இல்லை, பெரும்பாலும் முழு மயக்கமும் வேண்டாம். மிச்சமிருக்கும் சுரப்பி பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கருப்பைக் கட்டிக்கு இதே முறையைப் பாரிஸ் மருத்துவர்கள் 1995-லேயே எழுதிவிட்டார்கள். வெப்பத்தால் கட்டியைச் சுடும் ஊசி எளிதில் எட்டாத, எலும்புக்குப் பின்னால் இறங்கிய கழலைக்கும் இது வழி தரலாம்.

இதை மந்திரம் என்று நம்பி எழுதவில்லை. மேல் தமனி கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் போகும் பாதை இருக்கிறது. துகள் ஒன்று தப்பினால் பக்கவாதம் வரலாம். சில நாள் கழுத்துவலி, காய்ச்சல், சிதைந்த திசுவிலிருந்து ஹார்மோன் கசிந்து படபடப்பு, இதெல்லாம் உண்டு. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் சாயமருந்தில் அயோடின் இருப்பதால் தைராய்டு அளவை முன்பே பார்த்தாக வேண்டும். கட்டி சுருங்குமே தவிர அடியோடு மறைந்துவிடாது. புற்றுநோய்க்கு அறுவைக்குப் பதிலாக இதைச் செய்துகொள்ளக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு இருப்பது போன்ற நீண்டகால அனுபவமும் இதற்கு இன்னும் சேரவில்லை. "கத்தியின்றி, வலியின்றி" என்று மட்டும் விளம்பரம் செய்பவர்களும் இதையெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு அது பொருந்தாமலேயே போயிருக்கலாம். சரி, அதையாவது காரணத்தோடு சொல்லியிருக்கலாமே! வெப்ப ஊசி, தமனி அடைப்பு, அறுவை, சும்மா கவனித்து வருவது, எல்லாவற்றையும் நோயாளி முன் வையுங்கள். உங்களால் செய்ய முடியாததென்றால் ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் கதிரியக்க மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.

சித்திக்கும் இப்போது கழுத்தில் கட்டி தெரிகிறது. அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் அழைத்து வருகிறேன். அன்று எங்களுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு நோயாளியின் மகள்