குளிரிலும் அடங்காத ஒரு சென்சார்: மாற்றித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், விற்பனைப் பிரிவு
பொருள்: உங்களிடம் வாங்கிய 5 சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர்களில் (மிக மங்கிய ஒளியையும் மின் பல்ஸாக மாற்றும் சென்சார்) ஒன்று பழுது

ஐயா,

தண்டையார்பேட்டையில் சிறிய எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். திரவ ஆர்கானில் துகள்களைக் கண்டறியும் டிடெக்டர் செய்யும் ஆய்வு மாணவர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் போர்டு செய்து தரத்தான் இந்த 6 மி.மீ. சென்சார்களை வாங்கினேன். 'திரவ நைட்ரஜனில் சோதித்தது' என்று சொல்லி விற்றீர்கள். கூட வந்த தாளில் 25 டிகிரி அளவுகள் மட்டுமே இருக்கின்றன.

தாளில் உள்ள 56 வோல்ட்டையே குளிரிலும் கொடுக்கச் சொன்னார் உங்கள் இன்ஜினியர். குளிர்ந்தால் பிரேக்டவுன் வோல்டேஜ் (சென்சார் பல்ஸ் தரத் தொடங்கும் வோல்டேஜ்) இறங்கும் என்பது அவருக்குத் தெரியாதா? அறையில் 53 இருந்தது, திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் (மைனஸ் 196 டிகிரி) 42-க்கு வந்துவிட்டது. 56 கொடுத்தால் 14 வோல்ட் அதிகம். ஒரு பல்ஸ் வந்ததும் கிராஸ்டாக், ஆஃப்டர்பல்ஸ் என்ற போலிப் பல்ஸ்கள் எல்லாம் பின்னாலேயே வரிசை கட்டின. ஸ்கோப் திரையில் புல் முளைத்த மாதிரி இருந்தது. நானே 45-க்கு இறக்கினேன். அறைச் சூட்டில் இருட்டிலேயே வினாடிக்கு லட்சக்கணக்கில் வந்த பல்ஸ்கள், நான்கு சென்சாரில் இரண்டு மூன்றாக அடங்கின.

மீதி ஒன்றில் மட்டும் வினாடிக்கு நாற்பது, ஐம்பது. அதுவும் கொத்துக் கொத்தாக.

உங்கள் இன்ஜினியரிடம் கேட்டதற்கு, "துறைமுகம் பக்கம், கன்டெய்னர் லாரி, கரன்ட் சரியிருக்காது சார்" என்றார். வட சென்னை என்றால் எல்லாவற்றுக்கும் இது ஒரு பதில்! ராத்திரி 2 மணிக்கு மெயினைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. கேபிளை நல்ல சென்சாரோடு மாற்றிப் போட்டேன். சேனல் மாறியும் இரைச்சல் அதே சென்சாரோடுதான் போனது. அப்புறம் காஸ்மிக் கதிர் என்றார். அந்தக் கதிரால் உண்டாகும் மியுவான் துகள் தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். இந்தச் சிறு சில்லுக்கு மூன்று நிமிடத்துக்கு ஒன்று.

கடைசியாக, ஈரம் இறங்கியிருக்குமாம். நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் கவரில் மூடி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்கிறேன். கடலோரத்தில் இருக்கிறவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம்.

அந்த ஒன்றை மாற்றித் தாருங்கள். ஐந்துக்கும் 77 கெல்வினில் அளந்த பிரேக்டவுன் வோல்டேஜ், டார்க் கவுண்ட் (இருட்டில் வரும் பல்ஸ் எண்ணிக்கை) எழுதிய தாளும் வேண்டும். சோதனையில் வீணான நைட்ரஜனுக்கான பில்லையும் ஸ்கோப் படங்களையும் இணைத்திருக்கிறேன். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
தண்டையார்பேட்டை